குதிப்பதற்கு முன் ஒரு சத்தம்

மார்ச் 4

ரோப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நகரத்து ஒலிக்கூடத்திலிருந்து எழுதுகிறேன். மலைமேல் நீங்கள் எடுக்கிற காட்சிகள் ஹார்ட் டிஸ்க்கில் ஏறி, ஜீப்பில் இறங்கி, என் மேசைக்கு வந்து சேர்கின்றன. அவற்றிலுள்ள சத்தங்களில் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் துடைப்பது என் வேலை. அங்கே செல்போன் டவர் கிடையாது என்பதால் டிஸ்க் பெட்டிக்குள், ஸ்பாஞ்சுக்கு அடியில் இந்தக் காகிதத்தை வைத்து அனுப்புகிறேன். டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன், நேரே உங்கள் கையில் கொடுப்பார்.

விஷயம் இதுதான். கதாநாயகி கூரை விட்டுக் கூரை தாவும் காட்சியில், தாவுவதற்குச் சற்று முன்னால் ஒரு சத்தம் கேட்கிறது. 'டக்'. நகத்தால் மேசையை ஒரு தட்டுத் தட்டினால் வருமே, அவ்வளவுதான். ஒரு டேக்கில் மட்டும் என்றால் விட்டிருப்பேன். முதல் இரண்டு நாள் எடுத்ததில் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து எல்லாவற்றிலும் இருக்கிறது. ரோப் ஓடுகிற கப்பியில் விரிசல் விட்டால் இப்படிச் சத்தம் வரும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து கப்பிகளைச் சரிபார்க்கவும்.

இப்படியே 'நீங்கள்', 'தயவுசெய்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. தம்பி, நாம் பேசி ஆறு மாதமாகிறது. பேச வேண்டாம், இருக்கட்டும். ஆனால் அந்த ரோப்பில் கதாநாயகிக்கு டூப்பாகத் தொங்குவது நம் வாலு. உனக்கு ஒரே மகள். நான் பெறவில்லையே தவிர, அவள் அம்மா போன நாளிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிட்டது நான். அவள் சேட்டையைப் பார்த்து 'வாலு' என்று பெயர் வைத்ததும் நான்தான். அது நிலைத்துப்போகும், இப்படி வானத்தில் தொங்கும் என்று அப்போது யார் கண்டார்கள்?

மாதக் கடைசியில் பாலத்துக் காட்சி இருப்பதை ஷெட்யூலில் பார்த்தேன். உடைந்த பாலத்தின் விளிம்பிலிருந்து குதித்து, தொங்குகிற சங்கிலியை ஒரு கையால் பிடித்து, எதிரே உள்ள பாறைச் சுவர் வரை ஆடிப் போய், சுவரைக் கையால் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டுமாம். அதற்குள் பார்த்துவிடு.

உன் அக்கா (இன்னமும்)


மார்ச் 7

ஒலிப்பிரிவு மேடம் அவர்களின் திவ்ய சமூகத்துக்கு,

ரோப்காரன் எழுதிக்கொள்வது. காகிதம் கிடைத்தது. படித்ததும் முதலில் கோபம் வந்தது. ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி படித்தேன், அப்போதும் கோபம்தான் வந்தது. இருந்தாலும் போய்க் கப்பிகளையெல்லாம் கழற்றித் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

அதோடு விடவில்லை. டைரக்டர் பார்ப்பதற்காக உன் அறையிலிருந்து திருப்பி அனுப்புகிறாயே, அதே கூரைக் காட்சி, அதை அவர் கேரவனில் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அவருக்கு எரிச்சல் வருகிற வரைக்கும் கேட்டேன். காற்று இருக்கிறது, மூச்சு இருக்கிறது, ஓட்டில் கால் படுகிற சத்தம் இருக்கிறது. உன் 'டக்' மட்டும் இல்லை.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லட்டுமா? அவள் இந்த வேலைக்கு வந்தது உனக்குப் பிடிக்கவில்லை. வாயால் சொல்லிப் பார்த்தாய், நடக்கவில்லை. இப்போது காதால் ஆரம்பித்திருக்கிறாய்.

உன் வீட்டு ஹாலில், அவள் நின்றுகொண்டிருக்கும்போதே, "பெத்த பொண்ணக் கயித்துல தொங்கவிடறவன் எல்லாம் ஒரு அப்பனா?" என்று கேட்டாயே. நான் மறக்கவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது கதாநாயகிகளுக்குப் பெண் டூப் ஏது? என்னை மாதிரி ஒல்லிக்குச்சியாகப் பார்த்து, மீசையை எடுத்து, விக் மாட்டி, கவுனைப் போட்டு, மாடியிலிருந்து தள்ளிவிடுவார்கள். எத்தனை அம்மணிகளுக்காக நான் விழுந்திருக்கிறேன், அப்போதெல்லாம் நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. சிரித்தாய். கவுனில் நான் அழகாக இருப்பதாகக்கூடச் சொன்னாய். இன்றைக்கு ஒரு பெண்ணுக்காக ஒரு பெண்ணே குதிக்கிறாள், என்னைவிட நன்றாகக் குதிக்கிறாள். அது மட்டும் உனக்குக் கண்ணை உறுத்துகிறது.

அவள் ரோப்பை நான்தான் கட்டுகிறேன். ஒவ்வொரு கொக்கியும் என் கை பட்டுத்தான் அவள் மேலே ஏறுகிறது. என் வேலையில் மூக்கை நுழைக்காதே. காதையும்.

தம்பி

வாலு நன்றாகச் சாப்பிடுகிறாள். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.


மார்ச் 10

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். நேற்று தற்செயலாகப் பொறி தட்டியது. எழுந்து நின்று தலையில் அடித்துக்கொண்டேன், பக்கத்து மேசைக்காரர் பயந்துவிட்டார். நீ கேட்டதில் அந்தச் சத்தம் இல்லைதான். எப்படி இருக்கும்? நானே துடைத்துவிட்டேன்.

எங்கள் அறையில் காட்சி வந்ததும் முதல் வேலை சுத்தம். ஜெனரேட்டர் இரைச்சல், யாரோ இருமியது, துணி உரசியது, எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். பல் தேய்க்கும்போது யாராவது யோசித்துத் தேய்ப்பார்களா? அதுபோலக் கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டு போகும். அன்றைக்கு அந்த 'டக்'கைக் கேட்டு, பதறி, உனக்குக் கடிதம் எழுதி, ஸ்பாஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து ஒவ்வொரு டேக்கிலிருந்தும் அதை அழகாக அழித்திருக்கிறேன். எச்சரிக்கையையும் ஏற்றி, அது பொய் என்று காட்டுகிற டிஸ்க்கையும் அதே ஜீப்பில் ஏற்றியிருக்கிறேன். உலகத்தில் வேறு எந்த முட்டாளும் இப்படிச் செய்திருக்க மாட்டாள்.

இந்தப் பெட்டியில் சிவப்பு டேப் ஒட்டிய ஒரு டிஸ்க் இருக்கிறது. அதில் என் கை படாத டிராக். அங்கிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கிறது. தயவுசெய்து கேள். இந்தத் தடவை 'தயவுசெய்து' நிஜமாகவே.

நீ சொன்னதில் பாதி உண்மை. அவள் இந்த வேலையை விட்டால் எனக்கு நிம்மதிதான், மறைக்கவில்லை. ஆனால் அதற்காக இல்லாத சத்தத்தைக் கிளப்புவேனா? சத்தத்தில் நான் பொய் சொல்வதில்லை. (ஒருத்தி மூச்சை எடுத்து இன்னொருத்தி முகத்துக்கு ஒட்டுகிறாயே, அது என்ன என்று கேட்காதே. அது சம்பளத்துக்கு.)

அந்த மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் டைரக்டருக்கு எல்லாம் நிஜமாக வேண்டுமாம், அதனால்தானே வாலுவின் ஹார்னெஸில், இடது தோள்பட்டை வாரில், அவள் மூச்சைப் பிடித்துக் கதாநாயகிக்கு வைப்பதற்காக ஒரு சின்ன மைக்கைத் தைத்திருக்கிறார்கள். அவள் எனக்குப் போன் செய்து எத்தனையோ மாதமாயிற்று. ஆனால் என் பகலெல்லாம் அவள் மூச்சோடுதான் போகிறது. எங்கே இழுப்பாள், எங்கே விடுவாள் என்று எனக்கு மனப்பாடம். அந்த 'டக்' வந்ததும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். முன்னெல்லாம் அப்படிச் செய்ய மாட்டாள். அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்கிறதோ? கேட்டு, பயந்து, யாரிடமும் சொல்லாமல் குதிக்கிறாளோ?

அக்கா


மார்ச் 13

அக்கா,

கேட்டேன். முதல் டேக்கிலேயே கேட்டது.

அன்றைக்கே எல்லாக் கப்பியையும் மாற்றினேன். ரோப்பும் புதிது. கொக்கிகளும் புதிது. மேனேஜர் பின்னாலேயே வந்து, "நல்லா இருக்கிற கப்பிய ஏன்யா கழட்டறே?" என்றார். "எங்க அக்கா சொன்னா" என்றேன்.

பிறகு வாலுவின் எடைக்கு ஒரு மண்மூட்டை கட்டி, அதை நாள் பூராவும் இழுத்தோம், விட்டோம், ஆட்டினோம். அவளுக்குப் பதிலாக மூட்டையையே கூரை விட்டுக் கூரை தாவவிட்டோம். மைக்கையும் மூட்டையில் தைத்துவிடச் சொன்னேன், ரெக்கார்டிஸ்ட் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தார். ஒரு சத்தம் இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

வாலுவிடமும் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "கப்பியாத்தான் இருக்கும்ப்பா. எனக்கும் அப்பவே தோணுச்சு. மாத்திடுங்க" என்றாள். நான் வடக்கே போ என்றால் தெற்கே போகிறவள் இப்படி உடனே ஒத்துக்கொண்டதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "அத்தைக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றும் கேட்டாள். தோளில் தைத்த மைக் வழியாக என்றேன். பிறகு ரெக்கார்டிஸ்டிடம் போய் அந்த மைக்கை இடுப்புப் பட்டைக்கு மாற்ற முடியுமா, தோளில் குத்துகிறது என்று கேட்டாளாம். அவர் முடியாது என்றுவிட்டார். உன் பெயரைச் சொன்னாலே அவளுக்கு இன்னும் கோபம் வருகிறது போல.

சரி, உன் காதைப் பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஹாலில் நீ சொன்னதை நீ இன்னும் வாபஸ் வாங்கவில்லை. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தம்பி


மார்ச் 16

தம்பி,

நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்காரத் தோன்றவில்லை.

கப்பி இல்லை. நீ எல்லாம் மாற்றிய பிறகு வாலுவை வைத்து எடுத்த டேக்குகள் இன்று வந்தன. இனிமேல் நிம்மதி என்று நினைத்து ஹெட்போனை மாட்டினேன். முதல் டேக்கிலேயே 'டக்'. அடுத்ததிலும். கவனித்துக் கேட்டேன். அவள் எடை ரோப்பில் ஏறுவதற்கு முன்னாலேயே கேட்கிறது. கால் இன்னும் தரையில் இருக்கும்போதே. அப்போது ரோப் தளர்ந்துதானே கிடக்கும்? தளர்ந்த ரோப்பில் கப்பி எதற்குச் சத்தம் போட வேண்டும்?

டிஸ்க்கில் நாங்கள் எப்போதும் கேட்காமல் தள்ளிவிடுகிற பகுதிகளையும் விடாமல் கேட்டேன். அதில் ஒரு சாப்பாட்டு இடைவேளை இருந்தது, ரெக்கார்டிஸ்ட் மைக்கை அணைக்க மறந்திருக்கிறார். நீ கொக்கியைக் கழற்றுவது கேட்கிறது. "சீக்கிரம் சாப்ட்டு வா" என்று நீ சொல்லிவிட்டுப் போவது கேட்கிறது. வாலு யாரிடமோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மேலேயிருந்து எதையோ எடுக்கப் போகிறாள் போல. டக். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "என்னாச்சு?" என்கிறாள் ஒரு பெண். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறாள் இவள். அவள் உடம்பில் ரோப்பே இல்லை, தம்பி.

எங்கள் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் பிசியோதெரபி செய்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். ஓடிப்போய் அவரை அழைத்து வந்து, ஹெட்போனை மாட்டிவிட்டேன். நாலைந்து டேக் கேட்டுவிட்டு, "இது இரும்பு இல்லீங்க, மூட்டு. தோள்பட்டை இறங்கி இறங்கி ஏறுது. கைய மேல தூக்கற ஒவ்வொரு தடவையும். இந்தப் பொண்ணு இதோட எப்படி வேலை செய்யுது?" என்றார். மூன்றாம் நாள் கூரையில் எங்கேயோ விழுந்திருக்கிறாள், மறைத்துவிட்டாள். மண்மூட்டை ஏன் சத்தம் போடவில்லை என்று இப்போது தெரிகிறதா? மூட்டைக்குத் தோள் கிடையாது.

ரோப் அறுந்துவிடுமோ என்றுதான் இத்தனை நாள் பயந்தோம். அறுந்துபோகாது. நீ கட்டினால் அறுந்துபோகாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளை விழாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாலத்தில் அந்தப் பாறைச் சுவரை அவள்தானே கையால் தள்ள வேண்டும்? அந்த நேரத்தில் தோள் இறங்கினால் கை தொங்கிவிடும். தலைதான் போய் மோதும்.

கத்தாதே. அவளை எல்லார் எதிரிலும் வைத்து ஒரு வார்த்தை சொல்லாதே. ஏன் மறைத்தாள் என்று எனக்குத் தெரியும். ஹாலில் நான் சொன்னபோது அவளும் அங்கேதான் நின்றாள். அடிபட்டது எனக்குத் தெரிந்தால் 'நான் அப்பவே சொன்னேனே' என்று வந்து நிற்பேன், உனக்குத் தலைகுனிவு. அவள் உனக்குப் பயந்து மறைக்கவில்லை. என் வாய்க்குப் பயந்து மறைத்திருக்கிறாள். உன்னை என்னிடமிருந்து காப்பாற்ற ஒரு கையை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்குச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், தம்பி. ஒப்புக்கு இல்லை, மனதார.

அவளைக் குதிக்க விடாதே. பாலம் மாதக் கடைசியில்தானே, நல்லவேளை. அதற்குள் அவளைக் கீழே அனுப்பு. இது நாளைக் காலை ஜீப்பில் வருகிறது.

அக்கா


மார்ச் 16

அக்கா,

அவசரமாக நாலு வரி. ஜீப் கிளம்புகிறது. மழை முன்கூட்டியே வருகிறதாம். ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டால் பாலத்தடியில் கிரேன் நிற்காது. அதனால் பாலத்துக் காட்சியை முன்னால் இழுத்துவிட்டார்கள். நாளை மறுநாள், பதினெட்டாம் தேதி காலையில் எடுக்கிறோம்.

கவலைப்படாதே. எல்லாம் புதுசு. மூட்டையைப் பாலத்திலும் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டேன். வாலு ஒரே உற்சாகம், அந்தச் சுவரை எப்படித் தள்ளுவது என்று கேரவன் கதவை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். காலையில் கோட்டுப் போடக் கொஞ்சம் சிரமப்பட்டாள். கேட்டால் தலையணை சரியில்லை, சுளுக்கு என்கிறாள். சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

குதித்து முடித்ததும் அவளையே உனக்கு நாலு வரி எழுதச் சொல்கிறேன். எழுதுவாளா பார்ப்போம். இந்தத் தடவை உன் காதுக்கு வேலை இருக்காது.

தம்பி


மார்ச் 17

தம்பி,

உன் நாலு வரி மதியம்தான் என் மேசைக்கு வந்தது. ஜீப் காலையிலேயே மேலே போய்விட்டது. என் கடிதமும் அதில்தான் போகிறது. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சாயங்காலம் உன் கையில் இருக்கும். இங்கேயே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ரோடு எப்படி இருக்கிறதோ.

கம்பெனி ஆபீசுக்கு ஓடினேன். "அங்க டவர் இல்லையே மேடம், அடுத்த வண்டியில சொல்லி அனுப்பறோம்" என்கிறார்கள். அடுத்த வண்டி போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கத்தினேன். ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நானே கிளம்புகிறேன், வண்டி கொடுங்கள் என்றேன். மழையில் இனிமேல் மேலே எதையும் அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாடகைக் கார்க்காரர்கள் இடத்தின் பெயரைக் கேட்டதுமே தலையை ஆட்டுகிறார்கள்.

பெட்டியைத் திறந்ததும் என் காகிதத்தை எடுப்பாயா? இல்லை, கிரேன், ரோப் என்று ஓடிக்கொண்டிருப்பவன், "அக்காவோட புலம்பல்தானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பாக்கெட்டில் செருகிக்கொள்வாயா? நீ அப்படிச் செய்கிறவன்தான். தயவுசெய்து இந்த ஒரு தடவை அப்படிச் செய்யாதே. இதை இப்போது எழுதி என்ன பயன், உனக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் எழுதாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மார்ச் 19

பெட்டி வந்துவிட்டது.

ஸ்பாஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். காகிதம் இல்லை. நீயும் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்துவிட்டேன். டிரைவரிடம் ஓடினேன். காகிதத்தைக் கொடுத்தாயா என்றால், "பெட்டியோட உள்ள வெச்சுட்டேன் மேடம், யாரு எடுத்தாங்கன்னு பாக்கல" என்கிறான். நேற்று என்ன நடந்தது என்றால், "நான் பாலத்துப் பக்கமே போகல மேடம். டிஸ்க்க என் கையில கொடுத்ததும் ரோடு அடையறதுக்குள்ள இறங்கிட்டேன். யாரோ சுவத்துல மோதிட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க." யார் என்றேன். "டூப்புன்னாங்க மேடம்." அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

டிஸ்க் என் முன்னால் இருக்கிறது. போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யாமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் படத்தை மட்டும் பார்த்தேன், சத்தமில்லாமல். தூரத்துக் காமிரா. சாம்பல் நிறக் கவுன், காற்றில் பறக்கிற முடி. விளிம்பில் ஓர் உருவம் நிற்கிறது. யாரென்று தெரியவில்லை. தெரியக்கூடாது என்பதுதானே டூப்பின் வேலை. குதிப்பதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

சரி. கேட்கிறேன்.

கேட்டுவிட்டேன், தம்பி. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஹெட்போனை மாட்டியதும் முதலில் மூச்சுதான் வந்தது. வாலுவின் மூச்சு இல்லை. கனமான மூச்சு, ஒரு பக்கம் அடைத்த மூக்கு. வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள், வாலு பிழைத்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன், சந்தோஷத்தில் மேசையைக்கூடத் தட்டினேன். பிறகுதான் அந்த மூச்சு எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் நாம் ஒரே அறையில் படுத்துக்கொள்வோமே. வருஷக்கணக்காக அதைக் கேட்டுக்கொண்டுதானே தூங்கினேன். நான் மேசையைத் தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதற்குள் நீ பேச ஆரம்பித்துவிட்டாய்.

"அக்கா, நான்தான். உன் காகிதம் நேத்து சாயங்காலம் வந்துச்சு, தொப்பலா நனைஞ்சு. படிச்சுட்டு அவளக் கூப்ட்டு, கைய மேல தூக்குன்னேன். தூக்கினா. மைக் எதுவும் தேவைப்படல, எனக்கே கேட்டுச்சு." பிறகு காற்றுச் சத்தம். "கடுதாசி எழுதலாம்னு உக்காந்தேன், அதுக்குள்ள கூப்ட்டுட்டாங்க. அதான் அவ ஹார்னெஸ் மைக்குலயே பேசறேன். உனக்கு எப்படியும் கேக்கும்ல. அந்தக் கவுனுக்குள்ள நுழையற உடம்பு இங்க வேற யாருக்கும் இல்ல. சிரிக்காத. அவ கேரவன் கதவச் சாத்திக்கிட்டா. நீயும் நானும் சேர்ந்து சதி பண்ணிட்டோமாம். ஆறு மாசமாப் பேசாதவங்க இதுக்கு மட்டும் எப்படிச் சேர்ந்தீங்கன்னு கேக்கறா."

"ரெடியாண்ணே?" என்று யாரோ கத்துகிறார்கள். நீ "ம்" என்கிறாய். பிறகு நீ குதித்துவிட்டாய்.

சங்கிலி கேட்டது. சுவர் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தப் படத்துக்கும் செய்ததில்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, மழை மட்டும். மிஷினை நிறுத்திவிட்டேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றேன். உன்னைக் குதிக்கச் சொன்னது யார்? நான் அவளைக் குதிக்க விடாதே என்றுதானே எழுதினேன்? வேறு ஒன்றும் எழுதவில்லையே?

பிறகு வந்து மறுபடி ஓடவிட்டேன். மழை. இன்னும் மழை. அப்புறம் உன் முனகல். "முட்டி போச்சுடா சாமி" என்றாய். பாவி, அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுத அழுகை.

"சங்கிலிய விட்டுட்டு ரெண்டு கையாலயும் தள்ளிக் கால்லயும் வாங்கிக்கிட்டேன், அப்பவும் இப்படி மோதுது" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டாய். "அவளா இருந்தா..." என்று ஆரம்பித்தாய். முடிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, இதத் துடைச்சுடு. அவ கேக்கக் கூடாது" என்றாய்.

துடைத்துவிட்டேன். அவள் அந்த டிராக்கை எப்போது கேட்டாலும் அதில் நீ பேசியிருக்க மாட்டாய்.

ரோடு திறந்ததும் இரண்டு பேரும் இறங்கி வாருங்கள். உன் முட்டிக்கும் அவள் தோளுக்கும் ஒரே டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் என்னோடு பேச வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொண்டே வரட்டும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். 'அப்பவே சொன்னேன்' என்று என் வாயில் வந்தால் நீயே என் வாயை மூடு.

நாளைக்குள் பாலத்துக் காட்சியை முடித்து அனுப்ப வேண்டும். உன் மூச்சைக் கதாநாயகி முகத்துக்கு வைத்துப் பார்த்தேன், ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி இருக்கிறது. அதனால் வாலுவின் பழைய டேக்குகளைத் திறந்தேன். மூன்றாம் நாளிலிருந்து எல்லாவற்றிலும் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிற அந்த இடம் இருக்கிறது. வலியை விழுங்குகிற இடம். "பயம் பிரமாதமா வந்திருக்கு" என்று டைரக்டர் அதைத்தான் பாராட்டி எழுதியனுப்பினார். நானும் அதைத்தான் தேடித் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இனி அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் எடுத்ததற்குப் போனேன். முதல் கூரை, முதல் டேக். விளிம்பில் நிற்கிறாள். நீ எங்கேயோ கீழிருந்து "அப்பா இருக்கேன்டா" என்கிறாய். அவள் மூச்சை இழுக்கிறாள், விடுகிறாள், குதிக்கிறாள். அதில் வலி எதுவும் இல்லை. சும்மா பயந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பாலத்துக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன்.

அக்கா